வெற்றிலை ஒட்டு

ஜூன் 9, திங்கள்

இந்த நோட்டின் முன்பக்கம் கம்பெனிக்கு, பின்பக்கம் எனக்கு. எந்தக் காட்சியில் யார் என்ன உடுத்தினார்கள் என்று முன்பக்கத்தில் எழுதி வைப்பது என் வேலை. இன்றைக்கு எழுதியது: ‘கல்யாணக் காட்சி, மூன்றாம் நாள். கதாநாயகி: மாம்பழ மஞ்சள் பட்டு, கிளிப்பச்சை ரவிக்கை, இடது கையில் நாலு வளையல், வலது கையில் ஐந்து. மாமியார்: அரக்குப் பட்டு.’ சீரியலில் ஒரு கல்யாணம் முடிய மூன்று வாரம் ஆகும். நடுவில் ஒரு வளையல் குறைந்தால் ஊரே கேட்கும்.

முன்பக்கத்தில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன். அந்தக் கிளிப்பச்சை ரவிக்கையைச் சுட்டுவிட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்கு விட்டிருந்தார்கள். பட்டில் ரசம் கொட்டக் கூடாது என்று கதாநாயகி நிவேதனாவும் மாமியாராக நடிக்கும் கோமளா அம்மாவும் நைட்டிக்கு மாறிக்கொண்டு போனார்கள். ரவிக்கையை ஒரு இழுப்பு இழுத்துவிடலாமே என்று இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கோவில்பட்டியிலிருந்து பேச்சி அக்கா போன்.

“ஏட்டி வடிவு, பூந்தளிர் கல்யாணத்துக்கு என்ன சேலட்டி கட்டப் போறா?”

பூந்தளிர் என்பது சீரியலில் நிவேதனாவின் பெயர். அக்கா மகள் முத்துச்செல்விக்கு ஆவணியில் கல்யாணம்.

“வெளிய சொல்லக் கூடாதுக்கா.”

“நான் என்ன வெளியாளா? கலர மட்டும் சொல்லு. அவ சேல இங்க கடைக்கு வந்த அன்னிக்கே தீந்துபோவுது. முன்னாலயே தெரிஞ்சா சொல்லி வச்சிருவேன்லா.”

மாம்பழ மஞ்சள் என்றேன். ரவிக்கை? கிளிப்பச்சை. கையில் ஜரிகை உண்டா? அதைப் பார்த்துச் சொல்லத்தான் திரும்பினேன். புகை வந்துகொண்டிருந்தது.

ரவிக்கையின் இடது கையில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்து கிடந்தது. பழுப்பு முக்கோணம். ஓட்டை விழவில்லை, அந்த மட்டில் சாஸ்தா காப்பாற்றினார்.

போன மாதம் என்னோடு வேலை பார்த்த ஸ்டெல்லா ஒரு ஷிஃபான் சேலையைச் சுட்டாள். டிசைனர் ஷர்மிதா மேடம் திட்டக்கூட இல்லை. “பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க” என்றார். ஸ்டெல்லா போய்விட்டாள். எனக்கோ ஆகஸ்டில் தொழிற்சங்க அட்டை வாங்கித் தருவதாக மேடம் சொல்லியிருக்கிறார். ஒன்பது வருஷமாக நான் உதவியாள். அட்டை வந்தால் காஸ்ட்யூமர். டைட்டிலில் பெயர் போகும். எல்லாம் அவர் போடும் ஒரு கையெழுத்தில் இருக்கிறது.

கோமளா அம்மாவின் அரக்குப் பட்டு கொடியில் தொங்கியது. இடுப்பில் செருகும் உள்முனை எந்தக் கேமராவுக்கும் தெரியாது. ஒரு துண்டு கத்தரித்தேன். சூடு முக்கோணமாக இருந்ததால் துண்டை வெற்றிலை போல வெட்டி, ஓரம் மடித்து வைத்துத் தைத்து, ஜரிகை நூலால் நரம்பு ஓட்டினேன். இருபது நிமிஷம். ஒரு கண் வாசலில். ஆனாலும் ஒரு தையல் கோணவில்லை, அதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

அடுத்த ஷாட் தாலி கட்டி முடிந்த பிறகு நடப்பது. டைரக்டர் கலியபெருமாள் சார் மானிட்டரைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “தாலி கட்டுறப்ப கையில ஒண்ணும் இல்லையே. இப்ப எப்படி இலை முளைச்சுது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேடம் ஏதோ கடைத் திறப்பு விழாவுக்குப் போயிருந்தார்.

“எங்க ஊர் வழக்கம் சார்” என்றது என் வாய். “தாலி ஏறினதும் மாமியா தன் சேலையில ஒரு துண்டு வெட்டி மருமக ரவிக்கையில வச்சுத் தைப்பாங்க. இனிமே நீயும் நானும் ஒரே துணின்னு அர்த்தம்.”

சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “இத்தனை நாள் இதை ஏம்மா சொல்லல?”

ஐந்து நிமிஷத்துக்கு முன்பு வரை எனக்கே தெரியாதே, எப்படிச் சொல்வது?

ஜூன் 10, செவ்வாய்

நிவேதனாவுக்கு இடது கையில் ஏதோ வலி போல. எந்த ஷாட்டிலும் வலது கையை வெற்றிலை மேல் வைத்துப் பொத்திக்கொண்டே நிற்கிறாள். பாவம், கோயம்புத்தூர்ப் பெண், பன்னிரண்டு மணி நேரம் நின்று பழக்கமில்லை. தைலம் வாங்கிக் கொடுத்தேன். “தேங்க்ஸுங்க அக்கா” என்று சிரித்தபடி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். தேய்க்கவில்லை.

மேடம் வந்தார். வெற்றிலையை விரலால் தடவிப் பார்த்தார். “யார் தச்சது?” என்றார். நான்தான் என்றேன். “பரவாயில்லை” என்றார். ஒன்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பரவாயில்லை.

ஜூன் 13, வெள்ளி

என் பொய்யைக் காட்சியாகவே எடுத்துவிட்டார்கள். கோமளா அம்மா தட்டில் கத்தரிக்கோலும் ஊசியும் ஏந்தி வந்து, தன் முந்தானையில் வெட்டி, மருமகள் கையில் ஏற்கெனவே இருக்கும் வெற்றிலை மேல் தைப்பது போல நடிக்க வேண்டும். ஊசியில் நூல் கோக்க அவருக்குக் கண் தெரியவில்லை. ஒன்பது டேக். பத்தாவது டேக்கில் நிவேதனாவே ஊசியை வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். வசனத்தில் அது இல்லை. டைரக்டர் அதையே வைத்துக்கொண்டார். ‘நீயும் நானும் ஒரே துணி’ என்று கோமளா அம்மா சொன்னபோது லைட்மேன் மூக்கைச் சிந்தினார்.

முன்பக்கக் குறிப்பு: வெற்றிலை, அரக்கு, இடது கை. இனி எல்லாக் காட்சியிலும்.

ஜூன் 23, திங்கள்

ஒளிபரப்பானது. என் வீட்டுக்காரர் இசக்கி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இரவு எட்டரைக்கு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். முழுக்கப் பார்த்துவிட்டு, “ஏன் வடிவு, நம்ம கல்யாணத்துல எங்கம்மா உனக்கு இதச் செய்யலயே?” என்றார். மறந்திருப்பாங்க என்றேன்.

மறு ஒளிபரப்பு பதினொரு மணிக்கு. தூக்கம் வரவில்லை, அதனால் பார்த்தேன். வேறு காரணம் ஒன்றுமில்லை.

ஜூன் 25, புதன்

கம்பெனி போனுக்கு இருநூறு மெசேஜாம். எல்லாம் ஒரே கேள்வி: அந்த ஒட்டு ரவிக்கை எங்கே கிடைக்கும்? கதாநாயகன் ஆறு மாதமாக ஜிம்முக்குப் போகிறார். அவரைப் பற்றி ஒரு மெசேஜ் இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஜூலை 4, வெள்ளி

ஊக்கு, பின், ஃபால்ஸ் வாங்க தி.நகர் போனேன். சும்மா பராக்குப் பார்த்துக்கொண்டே போகையில் நடைபாதைக் கடையில் ஒரு பெட்டி நிறைய வெற்றிலை. அரக்கு, நீலம், வெள்ளி. “பூந்தளிர் இலை, பூந்தளிர் இலை!” என்று ஒருவர் தொண்டை கிழியக் கூவுகிறார். பெண்கள் கோழிக்குத் தவிடு வைத்தது போல மொய்க்கிறார்கள். நரம்பெல்லாம் பசையால் ஒட்டியது. ஒரு துவைப்புக்குத் தாங்காது.

“நரம்பை ஊசியால ஓட்டணும்ங்க” என்று சொல்லிவிட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, “நீங்க சீரியலே பாக்கிறதில்லையாம்மா?” என்றார்.

ஒன்று வாங்கிக்கொண்டேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.

ஜூலை 9, புதன்

பேச்சி அக்கா பேசினாள். முத்துச்செல்வி கல்யாணத்தில் ஒட்டுச் சடங்கு உண்டாம். சம்பந்தி வீட்டில் ஒத்துக்கொண்டார்களாம்.

“அக்கா, அது சும்மா சீரியலுக்காக வச்சது.”

“போட்டி இவளே. மெட்ராசுக்குப் போனா ஊர் வழக்கம் மறந்துருமா? நம்ம பக்கம் உண்டும்லா. நீ சின்னப்புள்ள, ஒனக்கு நெனவிருக்காது. எனக்கு நல்லா நெனவிருக்கு.”

“யார் கல்யாணத்துல பாத்த?”

“யார் கல்யாணம்னு கேட்டா? பாத்திருக்கேன், அம்புட்டுதான்.”

அக்கா எனக்கு நாலு வருஷம் முன்னால் பிறந்தவள். அந்த நாலு வருஷத்துக்குள் நடந்ததாக அவள் எதைச் சொன்னாலும் நான் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூலை 18, வெள்ளி

காலை நிகழ்ச்சியில் ஷர்மிதா மேடத்தின் பேட்டி. வெற்றிலை ஒட்டு எப்படி வந்தது என்று கேட்டார்கள். “இரண்டு வருஷம் தென்மாவட்டங்கள்ல அலைஞ்சு தேடி எடுத்தேன். அழிஞ்சுபோக இருந்த ஒரு பாரம்பரியம்” என்றார். மேடம் தெற்கே தாம்பரத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

எனக்கென்ன வந்தது? பெயர் அவருக்கு, வேலை எனக்கு. நன்றாகவே இருக்கிறது. யார் கண்டுபிடித்தால் என்ன? நரம்பில் ஏழு ஓட்டம், ஒவ்வொன்றும் அரிசி நீளம், அதைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை. நிகழ்ச்சிக்காரி எத்தனை நரம்பு என்று கேட்டபோது தண்ணீர் குடித்தார். எனக்கென்ன வந்தது என்று மறுபடியும் எழுதிக்கொள்கிறேன். பருப்பு அடி பிடித்துவிட்டது, இசக்கி ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

ஜூலை 29, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன்.

ஒரு பெரிய துணிக்கடை மேடத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. ‘பூந்தளிர் செட்’ என்று பெயர். தைத்த ரவிக்கை, அதில் பாதி தைத்த வெற்றிலை, மாமியார் மீதி நாலு தையல் போடத் தங்க நிற ஊசி, ஒரு குட்டித் தட்டு, எல்லாம் பெட்டியில் வரும். ஆடித் தள்ளுபடி முடிந்ததும், ஆவணி முகூர்த்தத்துக்கு முன் இறக்க வேண்டுமாம். தைத்துக் கொடுக்கிற கம்பெனி திருப்பூரில். சாம்பிளுக்கு ஒரிஜினல் ரவிக்கை வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

சாம்பிள் போனால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். தையல் மொத்தத்தையும் பிரித்துப் பாகம் பாகமாக மேஜையில் பரப்புவார்கள். வெற்றிலையைத் தூக்கினால் முக்கோணம் சிரிக்கும்.

அட்டைக்கு ஃபாரம் என் பையில் இருக்கிறது. முகவரி வரைக்கும் நிரப்பியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

போன் வரவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

போன் வரவில்லை. உளுந்து ஊறப்போட்டு மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

போன் வந்தது.

மேக்கப் அறையில் மேடம், துணிக்கடை விளம்பரப் பிரிவு ஆட்கள் இரண்டு பேர், டைரக்டர். நான் மூலையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். மேடத்தின் கையில் நகப்பூச்சு காயாததால் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“மேடம், திருப்பூர்ல இருந்து மாஸ்டர் பேசறேனுங்க. இலைக்கு அடியில பழுப்பு நெறத்துல ஒரு முக்கோணம் இருக்குதுங்க. அது எதுக்குங்க? வேணுமா, எடுத்துறட்டுங்களா?”

என் இஸ்திரிப் பெட்டி அந்தரத்தில் நின்றது. விளம்பர ஆட்கள் இருவரும் மேடத்தின் முகத்தைப் பார்த்தார்கள். இரண்டு வருஷம் தேடிக் கண்டுபிடித்தவரல்லவா? தெரியாது என்று எப்படிச் சொல்வார்?

“என்ன மாஸ்டர் கேள்வி இது?” என்றார் மேடம். “அதுதானே முக்கியம். சாம்பிள்ல என்ன இருக்கோ அதே வரணும்.”

“சரிங்க மேடம். பிரிண்ட் போட்டர்றேனுங்க. போட்டோ அனுப்பியிருக்கேன், பாத்து ஓகே சொல்லீருங்க.”

விளம்பர ஆட்கள் போன பிறகு மேடம் போட்டோவைத் திறந்தார். விரலால் பெரிதாக்கினார். பிறகு தலையைத் தூக்கி என் கையிலிருந்த பெட்டியின் மூக்கைப் பார்த்தார். மறுபடி போட்டோ. மறுபடி பெட்டி. நான் பெட்டியை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். வயசு நாற்பத்தொன்று எனக்கு.

டைரக்டர் சார் மோர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

“வடிவு” என்றார் மேடம்.

“மேடம்.”

“ஃபாரம் வச்சிருக்கியா?”

எடுத்துக் கொடுத்தேன். நகப்பூச்சு ஒட்டிக்கொள்ளும் என்றுகூடப் பார்க்காமல் பேனாவைப் பிடித்து அழுத்திக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தின் பின்பக்கம் புடைத்துவிட்டது. ஓரத்தில் ஒரு சிவப்புத் தீற்றல்.

“எப்பப் பார்த்தாலும் உங்க அக்கா போன். இனிமே இஸ்திரி போடுறப்ப போன் பேசாதே.”

அவ்வளவுதான். நான் வெளியே போய், ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் நின்று சிரித்தேன். வயிறு வலிக்கிற வரைக்கும் சிரித்தேன். கொஞ்சம் அழுதும் இருக்கலாம், ஜெனரேட்டர் புகை கண்ணுக்கு ஆகாது.

ஆகஸ்ட் 18, திங்கள்

அட்டை வந்தது. போட்டோவில் திருட்டு முழி முழிக்கிறேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

நிவேதனாவுக்குக் கொண்டை ஊசி குத்தும்போது, கை வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“எந்த வலிங்க அக்கா?”

“அதான், எப்பவும் கையைப் பொத்திக்கிட்டே நிப்பியே.”

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். “முதல் ரெண்டு நாளு அந்தக் கையில ஒரே தீஞ்ச வாசங்க. போதாததுக்கு இலை ஓரத்துல துளியூண்டு பழுப்பு வேற தெரிஞ்சுது. ஸ்டெல்லா அக்கா மாதிரி நீங்களும் போயிருவீங்கன்னு பயமா இருந்துச்சு. அதான் மறைச்சுக்கிட்டேன். அப்புறம் அப்படியே பழகிருச்சு.”

கொண்டை ஊசி என் கையிலேயே நின்றுவிட்டது. ஒரு தையல் கோணவில்லை என்று முதல் நாள் எழுதி வைத்தவள் நான். ஓரத்தில் பழுப்பு தெரிந்திருக்கிறது.

இந்தப் பெண்ணுக்கு நான் பெரிதாக எதுவுமே செய்ததில்லை. தலை வாரிவிட்டிருக்கிறேன், அவ்வளவுதான். “அந்தத் தைலத்தைத் திருப்பிக் குடு” என்றேன். இருவரும் சிரித்த சிரிப்பில் மேக்கப் கலைந்து, ஷாட் தாமதமாகி, நான் திட்டு வாங்கினேன்.

செப்டம்பர் 1, திங்கள்

‘உடை: செண்பகவடிவு.’ இரண்டு நொடி. இசக்கி விசிலடித்ததில் கீழ்வீட்டுக் குழந்தை எழுந்துவிட்டது.

செப்டம்பர் 4, வியாழன், கோவில்பட்டி

முத்துச்செல்வி கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மாம்பழ மஞ்சள் சேலை, கிளிப்பச்சை ரவிக்கை. அக்கா சொன்னதைச் செய்துவிட்டாள்.

தாலி ஏறியதும் மைக்கில், “அடுத்து நமது முன்னோர்கள் வகுத்த ஒட்டுச் சடங்கு” என்றார்கள். நாதஸ்வரக்காரர் அதற்கென்று தனியாக ஒரு ராகம் வைத்திருந்தார். சம்பந்தியம்மாள் தன் பட்டில் கத்தரி வைக்கச் சம்மதிக்கவில்லை, கல்யாணத்துக்கென்று எடுத்த சேலையாம். அதனால் பெட்டியோடு வந்த வெற்றிலைதான். ஒரே துணி என்று சொல்கிற சடங்கில் துணி திருப்பூரிலிருந்து வந்திருந்தது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

ஆனால் சம்பந்தியம்மாள் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். நூல் கோக்க முடியாமல் ஊசியோடு தடுமாறினார். முத்துச்செல்வி அதைக் கையிலிருந்து வாங்கி, நூலை நாக்கில் நனைத்து, கோத்து, “இந்தாங்க அத்த, பைய குத்துங்க” என்று நீட்டினாள். அந்த அம்மாள் அவள் கன்னத்தைத் தொட்டு முத்தம் கொஞ்சினார். நான் பயத்தில் கட்டிவிட்ட பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மடை திறந்தது போல அழுதேன். என்னைப் பார்த்து இசக்கியும் அழுதார்.

பிறகு போட்டோ. மேடையில் நாற்பது பெண்கள். நாற்பது பேரும் வலது கையால் இடது கையைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். ஊரே ஊசி போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. நிவேதனாவுக்கு அனுப்ப ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

அக்கா எனக்கும் ஒரு பூந்தளிர் செட் எடுத்து வைத்திருந்தாள். உடுத்திக்கொண்டு வந்ததும் என்னை ஓரமாக இழுத்துப் போய் வெற்றிலையின் தைக்காத ஓரத்தை நிமிர்த்திப் பார்த்தாள். பழுப்பு முக்கோணம் அச்சில் பளிச்சென்று இருந்தது, கீழ்முனை லேசாக வளைந்து, எங்கள் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அப்படியே.

“ம், ஒரிஜினல்தான்” என்றாள்.

“என்னது?”

“இந்த முக்கோணம் இருந்தாத்தான் ஒரிஜினல். டூப்ளிகேட்காரனுக்கு இது தெரியாது, வெறும் இலைய ஒட்டிருவான். கடைக்காரரு சொன்னாரு. அது கோயில் கோபுரமாம்ட்டி. பழைய காலத்துல வீட்டுப் பொம்பளையள் மட்டும் ரகசியமா வச்சுத் தைப்பாங்களாம்.” என் முகத்தைப் பார்த்தாள். “அந்த லைன்லயே ஒம்பது வருசமா இருக்க, இதுகூடத் தெரியாதா ஒனக்கு?”

“தெரியாமப் போச்சுக்கா” என்றேன்.

போட்டோக்காரர் கூப்பிட்டார். அக்காவும் தங்கையும் சேர்ந்து நின்றோம். நான் கையைச் சும்மா தொங்கவிட்டிருந்தேன். “இவளுக்கு ஒண்ணும் தெரியாது” என்று போட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு, பேச்சி அக்கா என் வலது கையை எடுத்து, அந்தச் சூட்டின் மேல் சரியாக வைத்துவிட்டாள்.